அகமானியில் தொண்ணூற்று நான்கு

மனசை அளக்கும் இயந்திரத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் அகமானி. ஜனங்கள் வைத்த பெயர் மனசு மீட்டர். ஆட்டோக்காரரை மீட்டர் போடச் சொன்னால் முறைக்கிற நாட்டில், மனசுக்கு மீட்டர் போட மட்டும் ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

தை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் திண்டுக்கல் அலுவலகத்தில் தண்டாயுதமும் அப்படித்தான் நின்றார். ஐம்பத்திரண்டு வயது. நத்தத்தில் பேனர் அச்சடிக்கும் கடை, பெயர் வேலவன் டிஜிட்டல்ஸ். இருபத்தாறு வருஷமாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர். கடைசிப் பத்து வருஷமாக நத்தம் குழுவுக்கு அவர்தான் குருசாமி. கழுத்தில் மாலை, இடுப்பில் பச்சை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. பார்க்கிறவர்கள் இயந்திரமே வேண்டாம் என்று நூற்றுக்கு நூறு போட்டுவிடுவார்கள். ஆனால் அவருக்கே அந்த நூற்றின்மேல் நம்பிக்கை இல்லை.

சட்டம் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. தெருவைப் பார்த்துக் கதவைத் திறந்து வைத்திருக்கிற எந்தக் கடையும், வருகிறவரின் சாதியையோ மதத்தையோ, அவர் யாரோடு குடித்தனம் நடத்துகிறார் என்பதையோ காட்டி வியாபாரத்தை மறுக்கக் கூடாது. மறுத்தால் கடைக்கு ஆறு மாசம் பூட்டு. ஒரே ஒரு விலக்கு உண்டு. "என் தெய்வ நம்பிக்கை இடம் கொடுக்கவில்லை" என்று கடைக்காரர் சொல்லலாம். வாயால் சொன்னால் போதாது. அந்த நம்பிக்கை நிஜமாகவே அவருக்குள் ஆழமாக இருக்கிறதென்று அகமானி சொல்ல வேண்டும். எழுபதுக்கு மேல் வந்தால் விலக்கு.

ஆரம்பத்தில் இது நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது. பிறகுதான் ஜனங்கள் தங்கள் வேலையைக் காட்டினார்கள். விலக்கு வாங்கியவர்கள் அந்த எண்ணை ஃபிரேம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளையோட அப்பா கடைக்கு எத்தனை வந்துச்சு?" என்று கேட்டார்கள். எதிர்ப்பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் அதே கடைகளைப் பட்டியல் போட்டு, "இங்கே வாங்காதே" என்று ஊர் ஊராக அனுப்பினார்கள். எழுபது வராதவர்கள் பாடுதான் பரிதாபம். கோயில் கமிட்டியில் இருந்த ஒரு லாட்ஜ்காரருக்கு இருபத்திரண்டு வந்தது. அடுத்த தேருக்கு வடத்தைத் தொடக் கூச்சப்பட்டுக்கொண்டு அவர் ஊரைவிட்டே போய்விட்டார்.

தண்டாயுதத்தை விடியற்காலையிலிருந்து துரத்திக்கொண்டிருந்தது அந்த இருபத்திரண்டுதான்.

விஷயம் ஐப்பசியில் நடந்தது. கந்தசஷ்டிக்கு முந்தின வாரம், நல்ல மழை. யாத்திரைக் குழுவின் செயலாளர் ராசாங்கம் சூரசம்ஹார பேனருக்கு மாதிரி பார்க்கக் கடையில் உட்கார்ந்திருந்தார். அப்போது மங்கையர்க்கரசி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். தபால் நிலையத்தில் முப்பது வருஷம் கடிதம் கொடுத்து ஓய்வு பெற்றவள். நத்தத்தில் அவளுக்குத் தெரியாத கதவு இல்லை.

"தம்பி, ஜெபமாலை போயிட்டா. விடிகாலையில."

"ஐயோ, சிஸ்டரா!" தண்டாயுதம் எழுந்தே விட்டார்.

ஜெபமாலை அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். அவளும் மங்கையும் இருபத்தெட்டு வருஷமாக ஒரே வீடு. அது என்ன உறவு என்று ஊருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதும் ஊருக்குத் தெரியும்.

மங்கை பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஜெபமாலையின் படம், கண்ணீர் அஞ்சலி, நேரம், அடக்கம் மாலை நாலு மணி. கீழே, 'துயருடன்: வாழ்க்கைத் துணைவி மங்கையர்க்கரசி.'

"பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு, ஆஸ்பத்திரி வாசல்ல ஒண்ணு போதும் தம்பி. போன்ல போட்டா எவன் நம்புறான்? பேனரைக் கண்டாத்தான் சனம் வரும்."

அது உண்மை. உயிரோடு இருக்கிறவர்களுக்கெல்லாம் போனில் சாவுச் செய்தியும், அழுகிற வீடியோவும் பொய்யாகச் செய்து அனுப்பி விளையாடுகிற காலம். நத்தத்தில் ஒருவர் செத்தார் என்றால் அதற்குச் சாட்சி பஸ் ஸ்டாண்டில் தொங்கும் துணிதான். ஊரில் அதை அச்சடிக்க இருந்ததும் ஒரே கடைதான்.

தண்டாயுதம் தாளை வாங்கினார். அடிக்கத்தான் வாங்கினார், அதில் சந்தேகமில்லை. அப்போது ராசாங்கம் எட்டிப் பார்த்துவிட்டு, பாதிச் சிரிப்பாக ஒரு வார்த்தை சொன்னார்.

"என்ன குருசாமி, இதையெல்லாமா அடிப்பீங்க?"

அவ்வளவுதான். அதட்டவில்லை, மிரட்டவில்லை. ஆனால் தண்டாயுதத்தின் காதில் அது குழுவிலுள்ள முன்னூறு பேரும் சேர்ந்து கேட்ட மாதிரி விழுந்தது.

"அக்கா, தோழின்னு போட்டுருவமா?"

"தோழி இல்லையே தம்பி."

"அப்ப... என் சாமி ஒத்துக்காதுக்கா."

மங்கை கோபப்படவில்லை. தாளை உறைக்குள் திரும்ப வைத்து, ஈரம் படாமல் மடித்து, "சரி" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினாள். சாயந்திரம் அடக்கத்துக்கு ஒன்பது பேர் வந்தார்களாம். முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போட்ட கைக்கு ஒன்பது பேர். தண்டாயுதம் போகவில்லை. அந்த நேரத்தில் அவர் சூரன் தலைக்குச் சிவப்பு மை போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மங்கை புகார் கொடுத்தாள். கடை வாசலில் ஒரே ஒரு நாள், 'மறுத்தது தப்பு' என்று தண்டாயுதம் எழுதி மாட்ட வேண்டும், அது போதும் என்று கேட்டிருந்தாள். அதற்குள் செய்தி மதுரை வரை போய்விட்டது. கல்லூரிப் பிள்ளைகள் வேலவன் டிஜிட்டல்ஸைப் பட்டியலில் சேர்த்தார்கள். பள்ளிக்கூடங்கள் ஆண்டு விழா பேனரை வேறு ஊரில் கொடுத்தன. எழுதி மாட்டிவிட்டுத் தொலைத்துவிடலாமா என்று தண்டாயுதம் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னார். ராசாங்கம் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க எழுதி மாட்டுனா நம்ம ஆளு ஒருத்தனும் உங்க கடைப்படி ஏற மாட்டான். வேற ஆளை குருசாமியாப் போட வேண்டி வரும். மீட்டர்ல போயி உக்காருங்க. உங்களுக்கு வராத மார்க்கு வேற எவனுக்கு வரும்?"

இந்தப் பக்கம் ஒரு புறக்கணிப்பு, அந்தப் பக்கம் ஒரு புறக்கணிப்பு. நடுவில் அவர் பச்சை வேட்டியோடு திண்டுக்கல்லுக்கு வந்து நின்றார்.

உள்ளே கூப்பிட்ட பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். பெயர் நஸ்ரீன். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தலையில் ரப்பர் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டினாள்.

"இது பொய் கண்டுபிடிக்கிற மிஷினாம்மா?"

"இல்ல சார். பொய் நாக்குல இருக்கும். இது அந்தப் பக்கமே போகாது. ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் உங்களுக்குள்ள எது அசையுது, அது எம்புட்டு ஆழத்துல கிடந்து அசையுது, அம்புட்டுத்தான் பாக்கும். நீங்க பதில் சொல்ல வேணாம். கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க. உங்க மனுவுலயிருந்தும் அவங்க மனுவுலயிருந்தும் எடுத்த இருபத்தோரு வாக்கியம்."

அவள் வாசிக்கத் தொடங்கினாள். ஆணுக்குப் பெண்தான் துணை என்பது முருகன் வகுத்தது. இதை அச்சடித்தால் என் விரதம் கெடும். என் தெய்வம் இதை மன்னிக்காது. எல்லாம் வக்கீல் எழுதிக் கொடுத்தவை. தண்டாயுதம் ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் 'முருகா, முருகா' என்று முட்டிப் பார்த்தார். மலச்சிக்கல்காரன் முக்குகிற மாதிரி இருந்தது அவருக்கே.

பதினேழாவது வாக்கியம் மங்கையின் மனுவிலிருந்து வந்தது.

"வலிக்கிற கால் யாருடையது என்று ஜெபமாலை ஒருநாளும் கேட்டதில்லை."

இதற்கு மட்டும் 'முருகா' சொல்லத் தண்டாயுதம் மறந்துபோனார். ஆறு வருஷத்துக்கு முந்தி, ரெட்டியார்சத்திரம் தாண்டிப் புளியமரத்தடி. குதிகால் சீழ் பிடித்து அவர் ஓரடி எடுத்து வைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். யாத்திரையில் இரண்டாம் நாள்தான் கால் கொப்புளிக்கும் என்று தெரிந்து, வருஷா வருஷம் ஜெபமாலையும் மங்கையும் அங்கே பெஞ்சு போட்டு உட்காருவார்கள். கழுத்தில் சிலுவை தொங்க, ஜெபமாலை அவர் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். "பல்லைக் கடிச்சுக்குங்க சாமி" என்றாள். யாத்திரையில் எல்லாருக்கும் எல்லாரும் சாமிதான். யார் வீடு, என்ன சாதி என்று கேட்கக் கூடாது. கேட்டால் நடந்த நடை வீண். புதிதாக மாலை போடுகிறவர்களுக்கு ஒவ்வொரு வருஷமும் இதை முதல் பாடமாகச் சொல்லுவது குருசாமிதான். அதாவது அவர்தான்.

மீதி நாலு வாக்கியமும் முடிந்து தொப்பியைக் கழற்றியபோது அவர் முகம் நனைந்திருந்தது. நஸ்ரீன் திரையில் வந்த எண்ணைப் படிவத்தில் எழுதினாள்.

"சார், தொண்ணூத்தி நாலு."

"என்னது?"

"இந்த ஆபீசுல இதுவரைக்கும் வந்ததுலயே இதான் அதிகம். விலக்கு கிடைச்சிரும்."

அவர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். வக்கீலின் வாக்கியங்களுக்குக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. ஒன்பது, பதினொன்று, ஏழு. பதினேழாவதில் மட்டும் சுவரில் ஏறினாற்போல் நெட்டுக்குத்தாக ஏறியிருந்தது.

"ஆனா இது... இது என் பக்கத்து வாக்கியம் இல்லையேம்மா."

"ஆமா சார்."

"நான் செஞ்சது தப்புன்னுல்ல இது சொல்லுது?"

"எனக்கும் அப்படித்தான் தெரியுது. ஆனா படிவத்துல உச்ச அளவை எழுதுன்னு ஒரு கட்டம்தான் இருக்கு. எந்தப் பக்கம்னு எழுதக் கட்டம் இல்ல. நம்பிக்கை இருக்குறவன் அந்த நம்பிக்கைக்கே எதிரா நடப்பான்னு சட்டம் எழுதுனவங்க யோசிக்கல போல." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் பாத்ததை வெளியில சொல்லக் கூடாது, வேலை போயிரும். நீங்க சொல்லலாம். ஏழு நாளைக்குள்ள ஆட்சேபம் கொடுக்கலாம். அடுத்த செவ்வாய் சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும், இதே ஆபீசுல, நேர்ல."

"ஜெயிச்சவன் ஆட்சேபம் கொடுக்கலாமா?"

"கூடாதுன்னு இல்ல. யாரும் கொடுத்ததில்ல."

அவள் நீட்டிய படிவத்தை நாலாக மடித்துத் தோள் பையில் வைத்துக்கொண்டார்.

அலுவலகப் பலகையில் ஒட்டிய எண் அவருக்கு முன்பே போனில் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. நத்தம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினபோது சரவெடி வெடித்தார்கள். ராசாங்கம் பொன்னாடை போர்த்தினார். குழுவில் பாதிப் பேர் காலில் விழுந்தார்கள். "தொண்ணூத்தி நாலுண்ணே! ஒரு பேனர் போட்டே ஆகணும்" என்றார்கள். அந்த ஊரில் பேனர் அடிக்கக் கடை ஒன்றுதானே. தன் படத்தைத் தானே பெரிதாக்கி, தலையைச் சுற்றி ஒளிவட்டம் போட்டு, 'நம்பிக்கை வென்றது' என்று தண்டாயுதமே அச்சடித்தார். துணி இயந்திரத்திலிருந்து மெல்ல மெல்ல வெளியே வந்தபோது அந்த முகத்தை அவரால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. ஜெபமாலைக்குத் தொங்கியிருக்க வேண்டிய அதே கம்பத்தில் அதைக் கட்டினார்கள். வீட்டில் மனைவி செண்பகம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இந்தப் பொன்னாடையை எங்க வைக்க? சாமி ரூம்புலயா?"

அவர் கால் கழுவக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவள் அதைச் சாமி அறையில் வைக்கவில்லை.

வெட்கம் என்பது இத்தனை நாள் ஏதோ முகத்தில் வருகிற சமாசாரம் என்று நினைத்திருந்தார். அது வயிற்றில் குடியிருக்கிற விஷயம் என்று அந்த வாரம் தெரிந்தது. சாப்பிட உட்கார்ந்தால் முதலில் அது உட்கார்ந்துகொண்டது. தோற்றிருந்தால் ஊர் சிரித்திருக்கும், அழுது தீர்த்திருக்கலாம். ஜெயித்துவிட்டு யாரிடம் போய் அழுவது? தினமும் படிவத்தை எடுப்பார், 'ஆட்சேபத்துக்கான காரணம்' என்ற இடம் வரை வருவார், மடித்து வைத்துவிடுவார். கொடுத்தால் கடைக்குப் பூட்டு, குழு போகும், குருசாமிப் பட்டம் போகும். யாத்திரை முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டார். யாத்திரை முடியும்போது ஏழு நாள் கடந்திருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை அரோகரா போட்டுக் கிளம்பினார்கள். முன்னூறு பேருக்கு முன்னால் வேலைப் பிடித்துக்கொண்டு தொண்ணூற்று நாலு நடந்தது. வழியில் வேறு ஊர்க் குழுக்கள்கூட அவரைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டன. திங்கட்கிழமை திண்டுக்கல்லில் அந்த அலுவலகத் தெருவைத் தாண்டும்போது அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கே இரண்டு குதிகாலும் வெடித்தன. ஒருவரிடமும் சொல்லாமல் நடந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ரெட்டியார்சத்திரம் தாண்டிப் புளியமரம் வந்தது. இந்த வருஷம் பெஞ்சு இருக்காது என்றுதான் நினைத்திருந்தார். இருந்தது. பஞ்சு, மருந்து, வெந்நீர்ச் சட்டி எல்லாம் இருந்தன. மங்கை மட்டும் தனியாக உட்கார்ந்து ஒரு கிழவர் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காருகிற அளவு இடம் காலியாக இருந்தது.

தண்டாயுதம் பார்க்காத மாதிரி கடந்து போகப் பார்த்தார். கால் விடவில்லை. அவர் நொண்டுவதை அவள் பார்த்துவிட்டாள்.

"சாமி, இப்படி வாங்க. காலை நீட்டுங்க."

குரலில் குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். அந்தக் கிழவரைக் கூப்பிட்ட அதே குரல்தான். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். அவள் குதிகாலைக் கழுவினாள். வெந்நீர் பட்டதும் அவர் வாய் தானாக உளறியது.

"அக்கா, அந்தத் தொண்ணூத்தி நாலு என் மார்க்கு இல்லக்கா. உங்க வாக்கியத்துக்கு வந்தது. சிஸ்டர் பேரைக் கேட்டதும் வந்தது. எனக்கு அன்னைக்கே தெரியும்கா, தப்புன்னு..."

"தெரியும் சாமி."

"யாரு சொன்னா? அந்தப் பொண்ணா?"

"எந்தப் பொண்ணு?" மங்கை பஞ்சை மருந்தில் நனைத்தாள். "அன்னைக்குக் கடையில, என் சாமி ஒத்துக்காதுன்னு சொன்னீங்களே, அப்ப உங்க தலைக்கு மேல முருகன் படம் மாட்டியிருந்துச்சு. நீங்க அதப் பாக்கல. என்னையும் பாக்கல. ராசாங்கத்தைத்தான் பாத்தீங்க. அதத் தெரிஞ்சுக்க மிஷினு எதுக்கு? நான் புகார் குடுத்ததே, உங்க முருகன் பேரு அதுல அநியாயமா அடிபட்டுப் போச்சேன்னுதான். பல்லைக் கடிச்சுக்குங்க."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். கண்ணீர் வந்தது, மருந்தின் எரிச்சலால் இல்லை. இத்தனை நாள் மூடி வைத்திருந்ததாக நினைத்தது, முதல் நாளே வெட்டவெளியில் கிடந்திருக்கிறது. அதை அறிந்தவள்தான் காலை மடியில் வைத்திருக்கிறாள்.

கட்டுப் போட்டு முடித்து அவள் கையைத் துடைத்தாள். "தபால் ஆபீசுல இருந்தவ சாமி நான். எனக்கும் நோட்டீசு வந்துச்சு. இன்னைக்கு ஏழாவது நாளு" என்று மட்டும் சொல்லிவிட்டு, "அடுத்த சாமி வாங்க" என்று கூப்பிட்டாள்.

சாலையில் ராசாங்கம் வேலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "குருசாமி, கிளம்பலாமா? வெயில் ஏறுது."

தண்டாயுதம் அவரிடம் போனார். முன்னூறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ராசாங்கம், நீ கூட்டிட்டுப் போ. நான் திண்டுக்கல் போகணும்."

"என்ன சாமி சொல்றீங்க? மாலை போட்டு வந்தவன் பாதியில திரும்பலாமா? ஊர் என்ன பேசும்?"

"பேசட்டும். அந்த மார்க்கு தப்பான பக்கத்துல விழுந்தது. திருத்திட்டு வாரேன்."

தண்டாயுதம் தோள் பையைத் தடவிப் படிவம் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, வந்த வழியே திரும்பினார். எதிரே பஸ் வந்தது. விரதத்தில் வண்டி ஏறக் கூடாது, ஏறவில்லை. பன்னிரண்டு கிலோமீட்டர், அஞ்சு மணிக்குள் போய்விடலாம், கட்டுப் போட்ட கால் பொறுத்துக்கொண்டால்.

சாலை நிறையப் பச்சை வேட்டிகள் எதிரே வந்துகொண்டிருந்தன. எல்லாரும் மேற்கே போக, அவர் ஒருவர் மட்டும் கிழக்கே நொண்டிக்கொண்டு நடந்தார். சிலர் அவரை அடையாளம் கண்டுகொண்டு அரோகரா போட்டார்கள். சிலர் குழம்பி ஒதுங்கி வழிவிட்டார்கள். எங்கேயோ தூரத்து ஊர்க்காரர் ஒருவர், அவர் யாரென்று தெரியாதவர், அக்கறையாக அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சாமி, வழி தப்பிட்டீங்க. மலை அந்தப் பக்கம்."

"தப்பித்தான் போயிருந்தேன் சாமி" என்றார் தண்டாயுதம். கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே தொடர்ந்து நடந்தார்.